முடிவு சப்பென்று இருக்கிறதாம்!



இது கொஞ்சம் நீளமான பதிவு. மெட்ரோவில் நின்றுகொண்டு படிப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். "டீச்சர் ஏன் இப்போதெல்லாம் எழுதறதில்லை?" என்று 1996 பேட்ச் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நான் தொடங்கப் போவது ஒரு வீடியோ கேமில் இருந்து.

சிரிக்க வேண்டாம். வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் வைத்து விளையாடிய கையடக்க வீடியோ கேமைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டியவள்தான் நான். அதில் ஒன்றைத் திருப்பித் தராமலே ஓய்வு பெற்றுவிட்டேன். மஞ்சள் நிறம், செங்கல் அடுக்குகிற ஆட்டம். இன்னும் பீரோவில் இருக்கிறது. சொந்தக்காரன் இதைப் படித்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

போன செமஸ்டர் லீவுக்கு வந்த என் மகள் வயிற்றுப் பேரன், லேப்டாப்பை ஹாலில் இருக்கும் டிவியோடு இணைத்துவிட்டு, "ஆயா, உனக்குப் புடிக்கிற மாதிரி ஒரு கேம் இருக்கு. சுட வேணாம், அடிக்க வேணாம். மேப்பைப் பாத்து நடந்தா போதும்" என்றான். மேப் என்றதும் நான் விழுந்துவிட்டேன். இருபத்தொன்பது வருடம் பூகோளம் நடத்தியவளை வேறு எப்படி விழவைக்க முடியும்? அவன் பட்டனை அழுத்துவது, கதாநாயகன் என்ன பதில் பேச வேண்டும் என்பதை நான் சொல்வது என்று ஒப்பந்தம். இப்படியே நாலு சாயங்காலம் உட்கார்ந்து முடித்தோம்.

கேமின் பெயர் 'ஃபயர்வாட்ச்'. தீக்காவல் என்று சொல்லலாம். 2016 பிப்ரவரி 9 அன்று வெளிவந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த 'காம்போ சாண்டோ' என்ற சின்னக் குழு செய்தது. கதை நடப்பது 1989 கோடையில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஷோஷோனி தேசிய வனத்தில். பக்கத்தில் இருப்பதுதான் நாம் பாடத்தில் படித்த யெல்லோஸ்டோன். அங்கே முந்தைய ஆண்டு, 1988ல், நிஜமாகவே மிகப் பெரிய காட்டுத்தீ. யெல்லோஸ்டோன் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறக்குறைய 8 லட்சம் ஏக்கர், தீயின் பிடிக்குள் வந்தது. அதற்கடுத்த கோடைக்குத் தீக்காவல் கோபுரத்தில் உட்கார ஆள் எடுக்கிறார்கள். ஹென்றி என்பவர் அந்த வேலைக்கு வருகிறார். நாற்பது வயதைத் தொட்ட, தொந்தி விழுந்த மனிதர். மலை உச்சியில் கண்ணாடி அறை போல ஒரு கோபுரம். கூட ஆள் கிடையாது. தூரத்தில் இன்னொரு கோபுரத்தில் டிலைலா என்ற பெண், அவருடைய மேலதிகாரி. இரண்டு பேருக்கும் நடுவில் வாக்கி-டாக்கி மட்டும். ஆரம்பம் முதல் கடைசி வரை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. டிலைலாவுக்குக் குரல் கொடுத்த சிஸ்ஸி ஜோன்ஸுக்கு 2017ல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. அதே ஆண்டு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டாவும் இந்த கேமுக்குத்தான்.

பூகோள டீச்சராக எனக்குக் கிடைத்த சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். கையில் மடித்த வரைபடம், இன்னொரு கையில் திசைகாட்டி. நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் புள்ளியை அணைத்துவிடலாம். பேரனிடம் சொல்லி அணைக்க வைத்தேன். அவன் ஏரிக்குப் போகிறேன் என்று சொல்லி இரண்டு முறை வேறெங்கோ போய் நின்றான். "ஆறு எந்தப் பக்கம் ஓடுது பார், சூரியன் எங்கே இருக்கு பார்" என்று நான் சொல்லச் சொல்லத்தான் ஏரி வந்தது. கோபுரத்தின் நடுவில் ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. வட்ட மேஜை மேல் வரைபடம், அதைச் சுற்றிக் கோண அளவு, குறி பார்க்க ஒரு சட்டம். புகை தெரிகிற திசையைக் கோணமாகக் குறித்து வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். ஒரு கோபுரத்தில் இருந்து பார்த்தால் தீ எந்தத் திசையில் என்று மட்டும்தான் தெரியும். இரண்டாவது கோபுரத்துக்காரரும் அவர் கோணத்தைச் சொன்னால்தான் இரண்டு கோடும் வெட்டும் இடம் கிடைக்கும். தீ அங்கே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டு நான் மல்லுக்கட்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அன்றைக்கு இந்த கேம் இருந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சம்.

இனிமேல் கதையின் முடிவைச் சொல்லப் போகிறேன். விளையாட நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை.

ஹென்றி வேலைக்கு வந்த முதல் நாளே ஏரிக்கரையில் பட்டாசு வெடிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளை அதட்டுகிறார். பிறகு அந்தப் பிள்ளைகளைக் காணோம் என்று செய்தி வருகிறது. யாரோ அவருடைய கோபுரத்துக்குள் புகுந்து கலைத்துப் போடுகிறார்கள். தொலைபேசிக் கம்பி அறுந்து கிடக்கிறது. காட்டுக்குள் வேலி போட்ட ஒரு ஆராய்ச்சிக் கூடம். அதற்குள் போய்ப் பார்த்தால், ஹென்றியும் டிலைலாவும் இத்தனை நாளாகப் பேசியதை எல்லாம் யாரோ ஒட்டுக் கேட்டு எழுதி வைத்த தாள்கள். நமக்கு நெஞ்சு படபடக்கிறது. அரசாங்கச் சதியா, மனிதர்களை வைத்து ஏதாவது பரிசோதனையா, டிலைலாவே அதில் ஒரு ஆளா என்றெல்லாம் பேரனும் நானும் இரண்டு ராத்திரி வாதாடினோம்.

கடைசியில் பார்த்தால் சதியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே ஒரு மனிதர். பெயர் நெட். ஹென்றிக்கு முன்னால் அந்தக் கோபுரத்தில் வேலை பார்த்தவர். விதியை மீறித் தன் மகன் பிரையனையும் கூட வைத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பையனுக்குக் கதையும் கற்பனை விளையாட்டும்தான் பிடிக்கும். அப்பாவுக்கோ அவன் பாறை ஏற வேண்டும், கயிறு பிடிக்க வேண்டும். குகைக்குள் விழுந்து பையன் இறந்துபோகிறான். ஊருக்குத் திரும்பி நாலு பேர் முகத்தைப் பார்க்க முடியாமல் நெட் வருடக்கணக்காகக் காட்டுக்குள்ளேயே ஒளிந்து வாழ்கிறார். மகனின் உடலை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பயமுறுத்தலும். காணாமல் போன பெண்கள்? வேறெங்கோ உயிரோடு, நல்லபடியாக இருக்கிறார்கள். காடு முழுக்கத் தீ பரவுகிறது. ஹென்றி டிலைலாவின் கோபுரத்துக்கு ஓடி வருகிறார், இப்போதாவது பார்க்கலாம் என்று. அவள் அதற்கு முன்பே ஹெலிகாப்டரில் போய்விட்டாள். மொத்தம் 79 நாள் கதை. முடிந்தது.

உலகம் முழுக்க இதை விளையாடியவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காடு பிடித்தது, பேச்சு பிடித்தது. வெளியான முதல் மாதத்திலேயே 5 லட்சம் பிரதிகள் விற்றன. ஆனால் முடிவுதான் பலருக்கு ஆகவில்லை. இவ்வளவு பில்டப் கொடுத்துவிட்டு இவ்வளவுதானா, ஏமாற்றிவிட்டார்கள், சப்பென்று முடித்துவிட்டார்கள் என்று வெளியான நாளில் இருந்து இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது குறை, நாலைந்து மணி நேரத்தில் முடியும் கேமுக்கு இருபது டாலரா என்பது. வாங்கும் தளத்தில் ஒரு விதி உண்டாம், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். சின்ன கேம் செய்கிறவர்களுக்கு இது வயிற்றில் புளி கரைக்கிற விதி. முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் வந்து காசைத் திருப்பிக் கேட்கிற மாதிரி! மூன்றாவது, இதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, நடப்பதுதான் வேலை என்று கேலியாக ஒரு பெயர், 'வாக்கிங் சிமுலேட்டர்'. கேலி எனக்கு உறைக்கவில்லை. காலை ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கிற நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், இலவசமாக.

2017 செப்டம்பரில் நடந்தது வேறு கதை. பியூடிபை என்ற பெயரில் இயங்கும் பிரபல யூடியூபர் தன் நேரலையில் ஒரு இனவெறிச் சொல்லைச் சொல்லிவிட்டார். ஃபயர்வாட்ச் செய்தவர்களில் ஒருவரான ஷான் வனமன், எங்கள் கேமை வைத்து நீ போட்ட வீடியோவை எடுத்துவிடு என்று காப்புரிமைச் சட்டப்படி நடவடிக்கை எடுத்தார். உடனே அந்த யூடியூபரின் ரசிகர்கள் படையெடுத்து வந்து கேமுக்கு 'மோசம், மோசம்' என்று மதிப்புரை எழுதித் தள்ளிவிட்டார்கள். அப்பன் மேல் இருக்கும் கோபத்தில் பிள்ளையின் விடைத்தாளில் மதிப்பெண்ணைக் குறைப்பது போன்றது இது. நான் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போன காலத்தில் இதற்கு மெமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

எனக்குப் பேச வேண்டியது அந்த முடிவைப் பற்றி. ஏமாந்தோம் என்று சொல்பவர்கள் முதல் பத்து நிமிடத்தை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஹென்றி ஏன் அந்தக் காட்டுக்கு வந்தார்? அவர் மனைவி ஜூலியா. நன்றாகப் படித்தவர், கல்லூரியில் வேலை பார்த்தவர். வயதாவதற்கு முன்பே அவருக்கு மறதி நோய் வந்துவிடுகிறது. படம்கூடக் கிடையாது, திரையில் எழுத்தாகத்தான் இதைச் சொல்கிறார்கள். நடுநடுவே நம்மைக் கேள்வி கேட்கிறார்கள். அதில் ஒன்று, ஜூலியாவை முழுநேரக் கவனிப்பு இல்லத்தில் சேர்க்கிறாயா, வீட்டிலேயே வைத்து நீயே பார்த்துக்கொள்கிறாயா?

"ஆயா, எதைப் போட?" என்றான் பேரன்.

"இரு, நிறுத்தி வை" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பின்னால் வந்தான். "ஸாரி ஆயா, இது இருக்குன்னு சொல்லியிருக்கணும்" என்றான். ஹாலில் அவன் தாத்தா சோபாவில் உட்கார்ந்து, நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. உங்களில் பலர் 'கிரேன் அங்கிள்' என்று கூப்பிட்டவருக்கு மூன்று வருடமாக மறதி நோய். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்தவர். எட்டு மணி நேரம் மேலே கேபினில் தனியாக உட்கார்ந்து, வயர்லெஸ் செட்டில் கீழே இருப்பவர்களோடு பேசிப் பேசியே காலத்தை ஓட்டியவர். போன வருடம் ஒரு நாள் விடியற்காலையில் பழைய காக்கிச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஃபர்ஸ்ட் ஷிப்ட், லேட்டாயிடுச்சு" என்று கிளம்பிவிட்டார். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் ரோட்டில், தேரடியில் இருந்து ரொம்ப தூரம் போய்விட்டவரை நம் தெரு ஆட்டோ தம்பிதான் பார்த்து அழைத்து வந்தார். அன்றையிலிருந்து கதவுக்கு உள்பூட்டு. நான் எழுதாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த நாள் மறுபடி உட்கார்ந்தோம். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று போடச் சொன்னேன். போட்டோம். சில வரிகள் கழித்து ஜூலியாவின் பெற்றோர் வந்து அவரை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சரி, இல்லத்தில் சேர்க்கிறேன் என்று போட்டிருந்தால்? அதற்கும் இதே முடிவுதானாம். நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை மாறவில்லையே, பிறகு எதற்குக் கேட்கிறார்கள் என்று இதையும் ஒரு குறையாகச் சொல்கிறார்கள். சொல்பவர்கள் வீட்டில் இந்த நோய் இல்லை, அவ்வளவுதான். வல்லாரை கொடுத்தேன், வாதுமை கொடுத்தேன், பெரிய ஆஸ்பத்திரி, சின்ன வைத்தியர், வடிவுடையம்மனுக்கு வெள்ளிக்கிழமை விளக்கு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்காமலும் இருக்க முடியாது. இதைவிட உண்மையாக ஒரு கேம் எப்படிச் சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சதி விஷயமும் அப்படித்தான். நோய் வந்த புதிதில் நான் தேடாத குற்றவாளி இல்லை. மேலே கேபினில் அடித்த வெயில், நாற்பது வருடமாக மூச்சில் இழுத்த நிலக்கரித் தூசு, தூக்கம் கெட்ட நைட் ஷிப்ட், 2015 வெள்ளத்தில் வழுக்கி விழுந்து தலையில் பட்ட அடி, முதலில் பார்த்த டாக்டர், கடைசியாகப் பார்த்த டாக்டர், நாத்தனார் வைத்த கண்! (நாத்தனார் இதைப் படிப்பார். மன்னிக்கவும் அண்ணி, அப்போது அப்படித் தோன்றியது.) யாராவது ஒருவர் அகப்பட்டால் போதும், அவர் மேல் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று இருந்தது. ஹென்றிக்கும் அதுதான் நடக்கிறது. காட்டுக்குள் ஒரு பெரிய சதி இருந்துவிட்டால், தான் ஏன் காட்டுக்கு வந்தோம் என்பதை யோசிக்க வேண்டாம். விளையாடுகிறவர்களும் அவரோடு சேர்ந்து அதையே தேடினார்கள். அது இல்லை என்றதும் கோபம் வந்துவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள். எதற்கும் யாரும் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணூரில் வாழ்கிறவள் அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்து, வலையும் படகும் கருப்பாகி நின்றதே, அது தானாக வந்ததில்லை. அந்த மாதமே ஒரு நள்ளிரவில் அம்மோனியா நெடியில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்களே, அதற்கும் காரணம் உண்டு, கேட்க வேண்டிய ஆள் உண்டு. கேட்டே ஆக வேண்டும். ஒன்பதாம் வகுப்பை அழைத்துக்கொண்டு நாம் அலையாத்திச் செடி பார்க்கப் போனோமே, அந்தக் கழிமுகமே ஒரு அரசு வரைபடத்தில் விடுபட்டுப் போனதாகச் சர்ச்சை வந்தபோது வீட்டில் இருந்த பழைய அட்லஸை எல்லாம் எடுத்துப் போட்டு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். 2018ல் குரங்கணித் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் கருகியபோதும் விசாரணை வேண்டும் என்றுதான் சொன்னேன். கேட்க வேண்டிய இடம் ஒன்று, அழ வேண்டிய இடம் ஒன்று. அழ வேண்டிய இடத்தில் ஆளைத் தேடிக்கொண்டே மூன்று வருடத்தில் ஒன்றரை வருடத்தை நான் வீணாக்கினேன். அப்போது அவர் இன்னும் நிறையப் பேசிக்கொண்டிருந்தார்.

கேமில் என்னைத் தூங்கவிடாத இன்னொரு ஆள் டிலைலா. அந்தப் பையன் பிரையன் அங்கே இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நல்ல பையன், பேச்சுத் துணைக்கு இருக்கட்டும் என்று மேலிடத்துக்குச் சொல்லாமல் விட்டுவிட்டாள். சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான். காசிமேட்டில் இருந்து வந்த ஒரு பையன் எனக்கு இருந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கப் போய்விட்டு, முதல் பீரியடில் தலையைக் கவிழ்த்துத் தூங்குவான். பாவம் தூங்கட்டும் என்று நானும் விட்டேன். வருகைப் பதிவில் 'உள்ளேன்' போட்டேன். வீட்டுக்கும் போய்ப் பேசவில்லை, தலைமையாசிரியரிடமும் சொல்லவில்லை. அரையாண்டுக்குப் பிறகு அவன் வரவே இல்லை. நான் செய்தது கருணை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். டிலைலா அழும்போதுதான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. தம்பி, நீ எங்காவது இருந்து இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது.

குறை சொல்லாமல் விட மாட்டேன். ஜூலியா என்ற அந்தப் பெண்ணுக்கு இந்த கேமில் ஒரு இடமும் இல்லை. ஹென்றி காட்டைப் பார்க்கிறார், ஆமை வளர்க்கிறார், கேமராவில் படம் எடுக்கிறார், ராத்திரியில் டிலைலாவோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். கட்டிய மனைவி எங்கோ ஒரு கண்டத்தில் ஆளை மறந்துகொண்டிருக்கிறாள். முடிவில் டிலைலாவாவது "ஜூலியாவைப் போய்ப் பார்" என்கிறாள். அவர் போனாரா என்பதைச் சொல்லாமலே முடித்துவிட்டார்கள். மற்றவர்களுக்குச் சதி இல்லை என்பதில் ஏமாற்றம். எனக்கு ஏமாற்றம் இங்கேதான். இன்னொன்றும் உண்டு. ஆண் என்றால் 79 நாள் காட்டுக்கு ஓடலாம், அதை அழகான ஆரஞ்சு நிறத்தில் கதையாக்குவார்கள். பெண் ஓடினால்?

சொல்கிறேன். போன மே மாதம் இவரை அம்பத்தூரில் மகள் வீட்டில் விட்டுவிட்டு நான் குன்னூரில் தங்கை வீட்டுக்குப் போனேன். பதினொரு நாள். முதல் இரண்டு நாள் போனை அணைத்தே வைத்திருந்தேன். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் நடந்தேன், தூங்கினேன், மறுபடி நடந்தேன். திரும்பி வருவதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் நான் 'இந்த வயசில் புருஷனை விட்டுட்டு ஊர் சுத்துறவள்' ஆகிவிட்டேன். எழுதியவர்கள் இதையும் படிக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீங்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நான் ஓடத்தான் செய்தேன். ஓடவில்லை என்றால் இவரை ஒரு நாள் கை நீட்டி அடித்திருப்பேன். அந்த எல்லைக்கு வந்துவிட்டிருந்தேன். ஹென்றியைத் திட்டிக்கொண்டே நான் நாலு நாளும் அவருக்குப் பதில் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததற்கு இதுதான் காரணம். டிலைலா "உன் மனைவி எங்கே?" என்கிற மாதிரி ஏதாவது கேட்கும்போதெல்லாம் பதிலே சொல்லாதே, நேரம் ஓடட்டும் என்றேன். அந்த கேமில் பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில். பேரன் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவனாகிவிட்டான்.

நம்மவர்கள் செய்த ஒரு கேமையும் அவனே பிறகு காட்டினான். 2023 ஜூலை 31ல் வந்த 'வெண்பா'. டொராண்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' செய்தது. 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பம், அழிந்துபோன அம்மா வீட்டுச் சமையல் நோட்டு, இட்லியில் தொடங்கிப் பிரியாணி வரை. மகன் கவினுக்கு அம்மாவின் பேச்சே மெல்ல மெல்ல எட்டாமல் போகிறது. காடும் இல்லை, கோபுரமும் இல்லை. ஆனாலும் அதே குறைதான், சீக்கிரம் முடிந்துவிட்டதே, இந்த விலைக்கு இவ்வளவுதானா என்று. ஃபயர்வாட்ச் வாங்கிய அதே அறிமுகப் படைப்புக்கான பாஃப்டாவை 2024ல் வெண்பா வாங்கியது. மணிக்கணக்கு வைத்து எடை போடுகிறவர்களுக்கு என்ன சொல்வது? தராசில் போட்டால் கருவாடு கனக்கும், மல்லிகைப்பூ கனக்காது. வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் வெண்பாவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

ஃபயர்வாட்சின் கடைசி நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திரை முழுக்கப் புகை. வாக்கி-டாக்கியில் டிலைலா பேசிக்கொண்டே இருக்கிறாள். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கையை வாய்க்குப் பக்கத்தில், செட் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, "கேக்குது, கேக்குது, சொல்லு. மேல க்ளியரா இருக்கேன்" என்றார். பழைய குரல், டியூட்டிக் குரல். பேரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவள் பேசி நிறுத்தும்போதெல்லாம் இவர் ஒரு பதில் சொன்னார். ஏழெட்டு நிமிடம் இருக்கும். "லோடு கீழ வெக்கட்டுமா?" என்று கூடக் கேட்டார். கேம் முடிந்து, நாங்கள் எடுத்த படங்கள் எல்லாம் வரிசையாக வந்தபோது, "நல்ல எடம். எண்ணூர்ல சாயங்காலம் இப்படித்தான் இருக்கும்" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

லீவு முடிந்து பேரன் கிளம்பும்போது லேப்டாப்பை எனக்கே விட்டுவிட்டுப் போகிறேன் என்றான். வேண்டாம், நீ படி என்று சொல்லிவிட்டேன். பழைய வாக்கி-டாக்கி பொம்மை ஜோடி ஒன்று மட்டும் மூர் மார்க்கெட்டில் பார்த்து வாங்கி அனுப்பியிருக்கிறான். அடுப்படியில் இருந்து நான் ஒன்றில் கூப்பிடுகிறேன். சில நாள் பதில் வருகிறது.

திருவொற்றியூர் பக்கம் வருகிறவர்கள் ஞாயிறு காலையில் வாருங்கள், காலையில்தான் கொஞ்சம் தெளிவாக இருப்பார். போன் செய்துவிட்டு வாருங்கள், பூட்டைத் திறக்க வேண்டும். வந்ததும் "என்னைத் தெரியுதா அங்கிள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். டீ நான் போடுகிறேன்.